களிம்பா, காப்பா?

கேள்வி: இங்கிலாந்தில் சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தின் தோட்டம் பற்றிச் சொல்லுங்களேன். அங்குள்ள வெண்கலச் சிற்பங்களில் உளித்தடம் தெரிகிறதே, வார்த்த உலோகத்தில் அது எப்படி?

பதில்: 1903-ல் வேக்ஃபீல்டில் பிறந்த ஹெப்வொர்த், கல்லும் மரமும் செதுக்கிப் பழகியவர். வெண்கலத்துக்கு வந்தது 1956 வாக்கில்தான். அப்போதும் கை செதுக்கத்தான் செய்தது. அலுமினிய வலையில் கூடு கட்டி, அதன்மேல் பிளாஸ்டர் அப்பி, இறுகியதும் செதுக்கி அராவுவார். வார்ப்பாலையில் அந்தக் கீறல்கள் அப்படியே வெண்கலத்தில் பதிந்துவிடும். செயிண்ட் ஐவ்ஸில் 1949-ல் வாங்கிய ட்ரெவின் பட்டறையும் தோட்டமும் 1975-ல் அங்கே நேர்ந்த தீ விபத்தில் அவர் இறக்கும்வரை அவருடையவை. மறு ஆண்டே அருங்காட்சியகமாயின. 1966-ல் செய்த 'ஃபோர்-ஸ்கொயர்' சிற்பத்துக்குள் நடந்தே போகலாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்து வெண்கலச் சிலையில் பச்சை படர்கிறது. தேய்த்து எடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பல்குத்தும் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். உதிராமல் சீராகப் படிந்த பச்சை, உலோகத்துக்குக் காப்பு. வெளிர்பச்சை மாவாக உதிர்ந்து, துடைத்த இடத்திலேயே மறுபடி பூத்தால் அது குளோரைடு அரிப்பு, அதாவது உப்பு உலோகத்தைத் தின்பது; கடலோரத்தில் அதிகம். அடியில் குழி விழும். அதற்குக் கலைப்பொருள் பராமரிப்பு வல்லுநர்தான் வேண்டும்.

மற்றபடி ஆண்டுக்கு ஒருமுறை, உப்புக்காற்றில் இருமுறை கழுவி மெழுகிட்டால் போதும். 5 லிட்டர் நீரில் காரமோ அமிலமோ இல்லாத சோப்புநீர் சில துளிகள், மென்மையான பிரஷ். பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள்; ஈரத்துணி போட்டு ஊறவிட்டு எடுங்கள். நன்றாக அலசி, முழுதாகக் காய்ந்த பிறகே மெழுகு. ஈரத்தின்மேல் பூசினால் நீர் உள்ளேயே அடைபடும். தடிமனாகப் பூசினால் மடிப்புகளில் வெள்ளையாகத் திரண்டு தூசி பிடிக்கும். மெல்லிசாகத் தடவி, மங்கியதும் பருத்தித் துணியால் தேயுங்கள்.

பித்தளை பாலிஷ், புளிப்பான எதுவும் கிட்டே வேண்டாம். சிற்பி கொடுத்த நிறத்தையே உரித்துவிடும். இரும்பு நாரும் ஆகாது, உதிர்ந்த துகள் துருவேறும்.

பலரும் பார்க்காத இடம் அடிப்பாகம். உள்ளே சேரும் நீர் வடிய விட்ட துளை மண்ணால் அடைபட்டிருக்கிறதா பாருங்கள். பீடத்தில் சாதாரண இரும்பு போல்ட் இருந்தால் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றி, நைலான் வாஷர் போடுங்கள். வெண்கலத்தைத் தொட்டபடி நனையும் இரும்பு சீக்கிரம் கரையும்; சிலை சாயும்போதுதான் தெரியவரும்.