மல்லாவி முன்பள்ளியில் படிப்பித்த அனுபவத்துக்குக் கனடாக் கொலிஜில் கிரெடிட் கிடைக்குமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது: மல்லாவியில் பன்னிரண்டு வருசம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தீர்கள். கணவரின் ஸ்பொன்சரில் ஸ்காபரோவுக்கு வந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. ஈ.சி.ஈ. என்கிற சிறுபராயக் கல்வி டிப்ளோமா படித்து இங்கேயும் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்ய விருப்பம். அனுபவத்தைக் காட்டினால் கொலிஜ்காரர் பாதிப் பாடத்தைக் கழித்துவிடுவார்கள், இரண்டு வருசப் படிப்பை ஒரு வருசத்தில் முடிக்கலாம் என்று மச்சாள் சொல்கிறார். அது உண்மையா?

கிரெடிட் கிடைக்கும். ஒரு வருசத்தில் முடியும் என்பதை மறந்துவிடுங்கள்.

இதற்கு இங்கே பிளார் என்று பெயர். வேலையிலோ வீட்டிலோ தொண்டு வேலையிலோ நீங்கள் ஏற்கெனவே கற்றதை மதிப்பிட்டு, அது கொலிஜின் ஒரு பாடத்துக்குச் சமம் என்று கண்டால் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் போடுவார்கள். சென்ரெனியல், செனெக்கா, ஜோர்ஜ் பிரவுன் என்று நீங்கள் போகக்கூடிய அரச கொலிஜ்கள் எல்லாவற்றிலும் உண்டு. புதிய விசயமும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படையினரின் பயிற்சிகளை அமெரிக்கக் கல்லூரிகள் கிரெடிட்டாகக் கணக்கெடுத்த காலத்திலிருந்தே இந்த வழக்கம் வளர்ந்து வருகிறது.

எங்கள் சனம் பிழையாக விளங்கிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருசம் என்று சொன்னால் பன்னிரண்டு வருசத்துக்கு ஏதோ தருவார்கள் என்று நினைக்கிறார்கள். வருசத்துக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடத்திட்டத் தாள் உண்டு. பாடத்தை முடிக்கிற மாணவிக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். அந்த வரிகள் ஒவ்வொன்றும் உங்களிடம் இருக்கிறதா, அதற்கு என்ன ஆதாரம் என்றுதான் பார்ப்பார்கள். அதனால் முதல் வேலையாக அந்தத் தாள்களைக் கேட்டு எடுங்கள். அவை கையில் இல்லாமல் ஒரு பந்தியும் எழுதத் தொடங்காதீர்கள்.

நான் கிளிநொச்சியில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள். இங்கே வந்து கணக்கியல் முதற் பாடத்தைப் பரீட்சை எழுதியே கழித்தேன். ஐந்தொகை எந்த நாட்டிலும் இரண்டு பக்கமும் சமப்படத்தான் வேண்டும். வருமான வரிப் பாடத்துக்கு நான் கேட்கவே இல்லை. கனடாவின் வரிச்சட்டத்தைக் கிளிநொச்சியில் எவர் படித்தார்?

ஆக, சில பாடத்துக்குப் பரீட்சை, சில பாடத்துக்குப் போர்ட்ஃபோலியோ என்கிற ஆதாரக் கோப்பு. சிலவேளை நேரில் கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொல்வார்கள். உங்கள் துறையில் பெரும்பாலும் கோப்புத்தான் வரும், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை, உங்களைப் போலவே முன்பள்ளி ஆசிரியை, தன் கோப்பை என்னிடம் காட்டினாள். சுகாதாரம், பாதுகாப்பு, போசாக்கு என்ற பாடத்துக்கு அவள் முதலில் எழுதியிருந்தது: "நான் பிள்ளைகளை அன்போடு கவனித்தேன், சத்தான உணவு கிடைப்பதை உறுதிசெய்தேன்." மதிப்பிட்ட ஆசிரியர் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்: எப்படித் தெரியும்?

இருந்து கதைத்தபோதுதான் விசயம் வெளியே வந்தது. மூன்றரை வயதுப் பொடியன் ஒருவன் பத்து மணிக்கெல்லாம் பாயில் சரிந்து நித்திரையாகிவிடுவானாம். இவள் வரவுப் பதிவேட்டில் அவனுடைய பெயருக்குப் பக்கத்தில் அந்த நாட்களுக்கு ஒரு புள்ளி வைத்து வந்திருக்கிறாள். குடும்பநல உத்தியோகத்தர் நிறை பார்க்க வந்தபோது, அவனுடைய வளர்ச்சிக் கோடு மூன்று மாதமாக ஏறவில்லை. தாயோடு கதைத்தால், அவ விடிய ஐந்து மணிக்குக் கடலை பிடுங்கப் போகிறா, பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது. பெற்றோர் முறைவைத்துக் காய்ச்சுகிற கஞ்சி அதுவரை பத்து மணிக்குத்தான். இவள் பெற்றோர் கூட்டத்தில் பேசி அதை எட்டரைக்கு மாற்றினாள். இரண்டு மாதத்தில் கோடு ஏறியது.

இதை அப்படியே எழுதச் சொன்னேன். கவனித்தல், பதிவு செய்தல், குடும்பத்தோடு சேர்ந்து திட்டம் போடுதல், விளைவைப் பார்த்தல் என்று பாடத்திட்டத் தாளின் நாலு வரி அதற்குள்ளேயே இருந்தது. பதிவேட்டுப் பக்கத்தின் படத்தையும் இணைத்தாள், கிரெடிட் கிடைத்தது. படத்தில் பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டுத்தான் கொடுத்தாள். நீங்களும் அதைக் கவனியுங்கள். பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் போட்டால் இந்தத் துறைக்கு நீங்கள் சரிவரமாட்டீர்கள் என்று அங்கேயே நினைத்துவிடுவார்கள்.

இப்படி ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று சம்பவம் போதும். எங்களுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல வெட்கம். "நாங்கள் செய்தோம்" என்றுதான் வரும். கோப்பில் "நான்" என்று எழுதுங்கள். கூட்டத்தைக் கூட்டியது நீங்கள் என்றால் நீங்கள்தான்.

போரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், முள்ளிவாய்க்காலையும் செட்டிகுளம் முகாமையும் எழுத வேண்டுமா என்று. கட்டாயம் இல்லை. முகாமில் தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததை எழுத விரும்பினால், அங்கே என்ன செய்தீர்கள், பயந்துபோன பிள்ளை எதற்கு ஆறியது, எதற்கு ஆறவில்லை என்பதை எழுதுங்கள். மதிப்பிடுகிறவருக்கு வேண்டியது அதுதான். யாரை இழந்தீர்கள் என்பது உங்களுடையது, ஒரு கிரெடிட்டுக்காக அதை முன்பின் தெரியாத ஒருவரின் மேசையில் வைக்கத் தேவையில்லை. அனுதாபத்துக்குப் புள்ளி போடுகிற பெட்டி எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இல்லை.

ஆதாரக் கடிதங்களில் உங்களுக்கு ஒரு சங்கடம் வரலாம். வன்னியில் போருக்குப் பிறகு பல முன்பள்ளிகளைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம்தான் நடத்தியது, ஆசிரியைகளுக்குச் சம்பளமும் அவர்கள்தான். உங்களுடையதும் அப்படியென்றால் கடிதத் தலைப்பில் அந்தப் பெயர்தான் இருக்கும். மறைக்க வேண்டாம். முன்பள்ளியை எந்தத் திணைக்களம் நடத்தியது, உங்கள் வேலை வகுப்பறைக்குள் என்ன என்று இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள். கோப்பிலுள்ள திகதிகளும் பதவிப் பெயரும் குடிவரவுப் படிவத்தில் நீங்கள் போட்டதோடு பொருந்த வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு வேறு கடிதம் அடித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் தொலைபேசியை வையுங்கள்.

தமிழ், சிங்களக் கடிதங்களைச் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும். சாதாரண தரப் பெறுபேறு இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் திரும்ப எடுக்கலாம். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 19 வயது தாண்டியவர்கள் முதிர்ந்த மாணவராக விண்ணப்பிக்கலாம், ஆங்கிலம் கணிதத்தில் ஒரு சோதனை வைத்து எடுப்பார்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் செய்திருந்தால் அதைப் பிளாருக்குள் கலக்காதீர்கள். வகுப்பில் படித்துச் சோதனை எழுதியதற்குக் கிரெடிட் மாற்றம் என்று தனி வழி இருக்கிறது, வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடுகிற வெஸ் போன்ற இடத்தில் மதிப்பீடு எடுத்துக் கொடுத்தால் சரி.

எந்தப் பாடத்தைக் கழிப்பது, எதை விடுவது? இதில் என் கருத்து மச்சாளின் கருத்துக்கு நேரெதிர். கழிக்கக்கூடியதை எல்லாம் கழிக்கக் கூடாது. ஒன்ராறியோவில் சிறுவர் பராமரிப்புக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் விதிப்படி ஒன்றரை வயது தாண்டிய தவழ்ந்து நடக்கிற பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒருவர், இரண்டரை வயதுக்கு மேல் எட்டுப் பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். முப்பது பிள்ளைகளை ஒற்றையாளாகச் சமாளித்தவருக்கு இது லேசாகத் தெரியும். ஆனால் அதே விதி அடிப்பதையும் பூட்டி வைப்பதையும் மட்டும் தடுக்கவில்லை. பிள்ளை வேண்டாம் என்கிறபோது வலிந்து சாப்பாடு ஊட்டுவதும் தடை. கதை சொல்லி, நிலாவைக் காட்டி, வாய்க்குள் திணித்து வளர்த்த எங்களுக்கு அது கையில் ஊறிய பழக்கம். சட்டம், பிள்ளை வளர்ச்சிக் கோட்பாடு, நடத்தையை வழிப்படுத்தல் ஆகிய மூன்றையும் வகுப்பில் இருந்து படியுங்கள். வேலை நேர்முகத்தில் கேட்பதும் அதுதான். போசாக்கு, குடும்பத்தோடு உறவு, கலை விளையாட்டுப் பாடங்கள், ஒன்றிரண்டு பொதுக்கல்விப் பாடங்கள், இவற்றில் மூன்று நாலுக்கு முயலுங்கள்.

கிரெடிட் கூடினால் காலம் குறையும் என்று கணக்குப் போடவும் முடியாது. ஒரு பாடம் முடிந்தால்தான் அடுத்தது என்று தவணை தவணையாகக் கோர்த்திருக்கிறார்கள், பிளேஸ்மென்ட் என்கிற செயல்முறைப் பயிற்சியும் தவணைக்குத் தவணை வரும். நாலு பாடம் கழிந்தால் நாலு தவணை மூன்றாகாது, ஒவ்வொரு தவணையும் கொஞ்சம் இலகுவாகும், அவ்வளவுதான். வீட்டில் பிள்ளையும் பகுதிநேர வேலையும் வைத்துக்கொண்டு படிக்கிறவருக்கு அதுவே பெரிய உதவி. எப்படியும் டிப்ளோமாவின் கால் பங்கையாவது அந்தக் கொலிஜிலேயே படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

ஓசாப் என்கிற ஒன்ராறியோ மாணவர் நிதியுதவி எடுக்க நினைத்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். முழுநேர மாணவர் என்று ஓசாப் கணக்கெடுக்க, முழுப் பாடச்சுமையில் 60 வீதமாவது நீங்கள் அந்தத் தவணையில் படிக்க வேண்டும். பிளாரில் கழித்த பாடம் அதில் சேராது. ஒரே தவணையில் கூடக் கழித்து 60க்குக் கீழே போனால் காசு நின்றுவிடும். கழிக்க முதல் நிதியுதவிக் கந்தோரில் கேளுங்கள். பிளாருக்கும் பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு, கிரெடிட் கிடைக்காவிட்டாலும் பொதுவாக அது திரும்பி வராது. அந்தப் பாடத்தை எடுத்துச் சித்தியடையாமல் விட்டபிறகு அதற்கே பிளார் கேட்கவும் பொதுவாக விடமாட்டார்கள். பின்னால் பல்கலைக்கழகம் போகிற எண்ணம் இருந்தால், கொலிஜ் கொடுத்த பிளார் கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் ஏற்காமலும் விடலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

டிப்ளோமா முடிந்தாலும் ஒன்ராறியோவில் பதிவுச் சபையில் பதியாமல் ஈ.சி.ஈ. என்று உங்களைச் சொல்லிக்கொள்ள முடியாது. அதுவரை உதவியாளராக ஒரு டேகெயாரில் சேரலாம், அதை நான் பலமாகச் சொல்வேன். அனுமதி பெற்ற பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்துகொண்டே ஈ.சி.ஈ. படிக்கிறவர்களுக்கு மாகாண அரசின் உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. சம்பளத்தோடு அப்ரென்டிஸாகப் படிக்கிற வழியும் உண்டு.

உங்கள் தம்பி வந்தால் என்ன செய்யலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். மேசன் என்றால் ஒன்ராறியோவில் சான்றிதழ் இல்லாமலும் வேலை செய்யலாம். மின்சார வேலை, குழாய் வேலை, வாகனத் திருத்தம் என்றால் கட்டாயம் வேண்டும். அவர்களுக்குக் கொலிஜ் பிளாரை விட, மாகாணத் தொழில் அமைப்பிடம் அனுபவத்தை நிறுவித் தகுதிப் பரீட்சைக்குப் போகிற வழிதான் சரி. 70 எடுத்தால் சித்தி. அவர் இன்னும் ஊரில்தானே? வெளிக்கிட முதல் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுங்கள். வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையை மதிப்பிட்டு அதைக் கொடுக்கிற முறை இலங்கையிலேயே இருக்கிறது, அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் விசாரித்தால் சொல்வார்கள்.

வாழ்க்கை அனுபவத்துக்கு ஒரு கிழமையில் பட்டம் என்று முகநூலில் வருகிற விளம்பரங்களைத் திறந்தும் பார்க்காதீர்கள். உண்மையான இடம் எதுவும் முழுப் பட்டத்தை அனுபவத்துக்கு விற்காது.

இப்போதைக்கு உங்கள் வேலை இரண்டு. புதிதாகக் குடிவந்தவர்களுக்கான லிங்க் வகுப்பில் ஆங்கில எழுத்தை விடாமல் பழகுங்கள், கோப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். மற்றது, மல்லாவிக்கு இந்தக் கிழமையே அழைத்துக் கடிதங்களைக் கேளுங்கள். துணுக்காய் வலயக் கல்விப் பணிமனையில் உங்களைத் தெரிந்த அதிகாரி மாற்றலாகிப் போனால் பிறகு பிடிப்பது கஷ்டம். நல்லவர், வல்லவர் என்கிற நற்சான்றிதழ் வேண்டாம். எந்தத் திகதியிலிருந்து எதுவரை, என்ன வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன பொறுப்பு, மேற்பார்த்தது யார், கையெழுத்து வைக்கிறவரின் தொலைபேசியும் மின்னஞ்சலும். பாடத்திட்டத் தாள்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எதை எடுப்பது என்று சேர்ந்து பார்ப்போம். நீங்கள் எழுதியதை வாசித்துத் திருத்தித் தருவேன், எழுதித் தரமட்டும் கேட்காதீர்கள்.