போலீஸ் நம்ம கம்ப்யூட்டர்ல ஸ்பைவேர் போடலாமா? சுங்கை சிப்புட் ஆளுங்க கேட்ட கேள்விகள்

போலீஸ் சந்தேகப்படற ஆளோட கம்ப்யூட்டர்ல ரகசியமா ஸ்பைவேர் போட்டு வேவு பாக்கறது மலேசியாவுல சட்டப்படி சரியான்னு நம்ம ஊர்ல நெறைய பேர் கேட்டிருந்தீங்க. லோயர் ஆபீஸ் கிராணியா எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

டியூஷன் டீச்சர்: அண்ணே, வாரண்டோட வந்து லேப்டாப்ப தூக்கிட்டு போறாங்களே, அதுவும் இதுவும் ஒன்னுதானே?

இல்லம்மா. அங்க போலீஸ் வாசல்ல வந்து நிக்குது, பாஸ்வேர்ட் கூட குடுத்தாகணும், ஆனா எல்லாம் நம்ம கண்ணு முன்னாடி நடக்குது. ஸ்பைவேர்னா நாம டைப் பண்றது, கேமரா, மைக் எல்லாத்தையும் மாசக்கணக்கா பாத்துக்கிட்டே இருக்கலாம், நமக்கு ஒன்னுமே தெரியாது.

எஸ்டேட் ஸ்டோர் தம்பி: நம்ம நாட்டு சட்டம் என்னாண்ணே சொல்லுது?

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 116சி பாரு தம்பி. பப்ளிக் புரோசிகியூட்டர், அதாவது அரசு தரப்புல கேஸ் போடறவரு, அனுமதி குடுத்தா போலீஸ் போன் பேச்ச ஒட்டுக் கேக்கலாம், மெசேஜ இடைமறிக்கலாம், ஒரு எடத்துக்குள்ள போயி அதுக்கான கருவியும் பொருத்தலாம். 2012 சொஸ்மா, அதாவது நாட்டு பாதுகாப்பு குற்றங்களுக்கான தனிச் சட்டம், அதோட 6வது பிரிவும் அப்படித்தான், ரொம்ப அவசரம்னா சூப்ரிண்டென்டன்ட் ரேங்க் அதிகாரி முன்கூட்டி அனுமதி வாங்காமலே செஞ்சிட்டு பொறவு சொன்னா போதும். ரெண்டுலயும் ஜட்ஜ் கெடையாது! கேஸ் போடற பக்கமே அனுமதியும் குடுத்தா அத யாருதான் தட்டி கேக்கறது, எனக்கு இதுலதான் வயிறு எரியுது. ஸ்பைவேர்னு தனியா ஒரு வரியும் அதுல இல்ல, கம்ப்யூட்டருக்குள்ள பூந்து எல்லாத்தையும் பாக்கறத இதுக்குள்ள அடைக்கறது ரொம்ப தப்புன்னுதான் நான் சொல்வேன்.

கடைக்கார அக்கா: வீட்டுக்காரர் போன்ல நானே போட்டா?

வேணாங்க்கா. 1997 கணினி குற்றச் சட்டம் இருக்கு, அனுமதி இல்லாம நுழைஞ்சா 50,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், இல்ல 5 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட கெடைக்கலாம்.

காலேஜ் தங்கச்சி: வெளிநாட்டுல எப்படிண்ணே?

ஜெர்மனிய பாரும்மா. 2008 பிப்ரவரி 27ல அங்க அரசியலமைப்பு நீதிமன்றம், போலீஸ் ரகசியமா கம்ப்யூட்டர்ல நுழையணும்னா உயிருக்கோ நாட்டுக்கோ நெஜமான ஆபத்துன்னு ஆதாரம் வேணும், ஜட்ஜ் உத்தரவும் வேணும்னு தீர்ப்பு சொல்லிடுச்சி. அப்பறமும் 2011ல கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்புங்கற அந்த ஊரு ஹேக்கருங்க சங்கம் போலீஸ் ஸ்பைவேர பிரிச்சி பாத்தா, அனுமதிச்சதுக்கு மேல ஸ்கிரீன போட்டோ புடிக்குது, வேற புரோகிராமும் ஏத்த முடியுது. ஜட்ஜ் இருக்கற நாட்டுலயே இந்த கதின்னா இங்க கேக்கவே வேணாம்.

ஸ்டோர் தம்பி மறுபடியும்: திருட்டுத்தனமா எடுத்தது கோர்ட்டுல செல்லுமா?

பெரும்பாலும் செல்லும், அதான் கொடும. கேஸுக்கு சம்பந்தம் இருந்தா எப்படி எடுத்தாங்கன்னு பாக்க வேணாம்னு 1955ல குருமாங்கற ஆளோட கேஸ்ல லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது அப்ப பிரிட்டிஷ் காலனிங்களுக்கு கடைசி அப்பீல் கோர்ட், சொன்னத நம்ம கோர்ட்டுங்களும் எடுத்துக்கிட்டாங்க. அதனால யாராவது மாட்டிக்கிட்டா, அனுமதி யாரு குடுத்தா, என்னா தேதியில, எந்த பிரிவுலன்னு மொத நாளே லோயர எழுத்துல கேக்க சொல்லுங்க.