தரை வாடகை ரசீது இருந்தும் "பட்டியலில் பெயர் இல்லை" என்றால்

தெருவோரம் பூ விற்கும் உங்கள் அம்மாவிடம் தினமும் தரை வாடகை கட்டிய ரசீது இருந்தும், தெரு வியாபாரிகள் பட்டியலில் பெயர் இல்லை, கடையை எடுங்கள் என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ரசீது மட்டும் போதாது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக உங்கள் அம்மாவின் பூக்கடையை உடனே எடுக்கச் சொல்லவும் முடியாது. 2014 தெரு வியாபாரிகள் சட்டம், பிரிவு 3(3): தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்து, எல்லாருக்கும் விற்பனைச் சான்றிதழ் (அந்த இடத்தில் விற்கலாம் என்ற அனுமதி) தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது.

கணக்கெடுக்க வந்த நேரத்தில் அம்மா கடையில் இல்லாமல் போயிருக்கலாம். காலையும் மாலையும் மட்டும் விற்பவர்கள் இப்படித்தான் விடுபடுகிறார்கள். தினமும் காசு வாங்கிக்கொண்டு, ஆளையே தெரியாது என்பது அநியாயம். விற்பனைச் சான்றிதழ் வெறும் காகிதம் இல்லை. அது கையில் இருந்தால், 30 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் அவரை அந்த இடத்திலிருந்து எழுப்ப முடியாது.

முதலில் செய்ய வேண்டியவை:

1. கணக்கெடுப்பு எப்போது முடிந்தது, பட்டியல் எங்கே என்று நகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முடியவே இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய பலம்.

2. நகர விற்பனைக் குழுவுக்கு (ஊரின் தெரு வியாபாரத்தைக் கவனிக்க இந்தச் சட்டப்படி அமைக்கும் குழு) பெயர் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள், ரசீது நகல்களோடு. குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே. அவர்களில் ஒருவரை நேரில் பாருங்கள். அப்புறம், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

ஒன்று கவனம்: கடை இருக்கும் இடம் ரயில்வேக்குச் சொந்தமானது என்றால் இந்தச் சட்டம் அங்கே செல்லாது. அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.