கேபிள் அறுந்தபின் அந்த 40 வினாடி: நெட்வொர்க்கிங் கேட்கும் மகளின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. மகள் இசிஇ மூன்றாம் ஆண்டு. கூடப் படிப்பவர்கள் எல்லாரும் கோடிங் பக்கம் ஓட, அவர் மட்டும் நெட்வொர்க்கிங் என்கிறார். "வயர் இழுக்கிற வேலைக்கா இவ்வளவு பீஸ் கட்டினோம்?" என்று வீட்டில் பேச்சு வந்திருக்கிறது. கேபிள் பதிக்கிறவர்கள் தனி அணி. உங்கள் மகள் போக நினைப்பது, அந்தக் கேபிள் அறுந்த நொடியில் டேட்டாவை வேறு வழியில் திருப்பிவிடும் வேலைக்கு. அது என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடுவோம், முடிவை அப்புறம் எடுக்கலாம்.

2008 ஜனவரி 30-ம் தேதி எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே மத்தியதரைக் கடலில் இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அதில் ஒன்று சீ-மீ-வீ 4. மும்பையிலும் நம் சென்னையிலும் கரையேறுகிற கேபிள் அது. ஐரோப்பா செல்லும் முக்கியப் பாதை போனதால் இந்தியாவில் இணையம் திணறியது. ஆனால் நின்றுவிடவில்லை. டேட்டாவைக் கிழக்கே சிங்கப்பூர், பசிபிக் வழியாகச் சுற்றி அனுப்பினார்கள். ஃபைபரில் ஒளி 1000 கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 5 மில்லிசெகண்ட் ஆகும். பாதை 15,000 கிலோமீட்டர் நீண்டால், போய்வர 150 மில்லிசெகண்ட் கூடும். வீடியோ காலில் "ஹலோ, கேக்குதா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவது இந்த மாதிரித் தாமதத்தால்தான்.

பாதை மாற்றத்தில் நான்கு வேலைகள் நடக்கின்றன. டேட்டாவுக்கு வழி பார்த்து அனுப்பும் கருவியான ரௌட்டர், தன் லிங்க் (இணைப்பு) போய்விட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும், மற்ற ரௌட்டர்களுக்குச் சொல்ல வேண்டும், எல்லா ரௌட்டர்களும் புதிய குறுகிய பாதையைக் கணக்கிட வேண்டும், அந்த முடிவை ஃபார்வர்டிங் டேபிளில் (எந்த டேட்டா எந்தப் பக்கம் என்று சொல்லும் பட்டியல்) எழுத வேண்டும். கணக்கிடும் முறை கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட அல்காரிதம்தான், மகள் பாடத்தில் படித்திருப்பார். ஒழுங்காக அமைத்த நெட்வொர்க்கில் பின் மூன்று வேலைகளும் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது முதல் வேலை. இந்தத் துறையில் திறமையைச் சோதிக்கிற இடமும் அதுதான்.

ரௌட்டரில் செருகிய ஃபைபரே அறுந்தால் ஒளி நின்றுவிடும், போர்ட் (கேபிள் செருகும் வாய்) உடனே டவுன் ஆகும், பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு ரௌட்டர்களுக்கு நடுவே ஸ்விட்சோ டிரான்ஸ்மிஷன் கருவியோ இருந்தால், அதற்கு அப்பால் அறுந்தாலும் இந்தப் பக்கம் போர்ட் பச்சை விளக்கோடு இருக்கும். ரௌட்டர் நம்பி அனுப்பிக்கொண்டே இருக்கும், டேட்டா எல்லாம் வீண். ஒரு நிறுவனத்துக்குள் ரௌட்டர்கள் பாதைச் செய்தியைப் பரிமாறும் முறை ஓஎஸ்பிஎஃப். அதில் வழக்கமாகப் பக்கத்து ரௌட்டருக்கு 10 வினாடிக்கு ஒரு ஹலோ ('நான் இருக்கிறேன்' என்ற சிறு செய்தி) போகும். 40 வினாடி எதுவும் வராவிட்டால்தான் அதை இறந்ததாகக் கொள்ளும். நிறுவனங்களுக்கு இடையே பாதைச் செய்தி பரிமாறும் பிஜிபியில் பல ரௌட்டர்களில் மாற்றாமல் விட்டால் இந்தக் காத்திருப்பு 180 வினாடி. இதைக் குறைக்கத்தான், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பிஎஃப்டி வந்தது. உதாரணமாக 50 மில்லிசெகண்டுக்கு ஒரு சிறு பாக்கெட் அனுப்பி, மூன்று வராவிட்டால் 150 மில்லிசெகண்டில் மணியடித்துவிடும். மாற்றுப் பாதையை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் ஃபாஸ்ட் ரீரௌட் முறையும் உண்டு. அதன் இலக்கு 50 மில்லிசெகண்ட், டெலிபோன் டிரான்ஸ்மிஷன் காலத்திலிருந்து வந்த அளவு.

இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் நிறைய பேர். தானே அளந்து பார்த்தவர்கள் குறைவு. அதனால் மகளிடம் சொல்லுங்கள், சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் இந்த ஒரு லேபைச் செய்துவிட வேண்டும். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். லேப்டாப்புக்குள்ளேயே மாதிரி நெட்வொர்க் கட்டும் ஜிஎன்எஸ்3, அதற்குள் ரௌட்டராக ஓடும் எஃப்ஆர்ரௌட்டிங், இரண்டும் இலவச மென்பொருள். சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பாக்கெட் டிரேசர் தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் பிஎஃப்டி பழக அது போதாது.

நான்கு ரௌட்டர்களை வளையமாக இணைக்க வேண்டும். 1-2, 2-4 லிங்குகளுக்குக் காஸ்ட் (பாதையின் 'விலை', கூட்டல் குறைவான பாதையே தேர்வாகும்) 10. 1-3, 3-4 லிங்குகளுக்கு 20. 1-க்குப் பின்னால் ஒரு பிசி, 4-க்குப் பின்னால் ஒரு பிசி. டேட்டா 2 வழியாகப் போகும், ஏனென்றால் 20 என்பது 40-ஐவிடக் குறைவு. ஒரு பிசியிலிருந்து மற்றதற்கு வினாடிக்கு ஐந்து பிங் (பதில் கேட்கும் சோதனைச் செய்தி) ஓடவிட்டு, 1-க்கும் 2-க்கும் நடுவே அறுக்க வேண்டும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குகிற இடம் ஒன்று. போர்ட் டவுன் ஆகாத "சத்தமில்லாத" கோளாறை உண்டாக்க நடுவே ஒரே ஒரு ஸ்விட்ச் வைத்து, ரௌட்டர் 2 பக்கக் கேபிளை எடுப்பார்கள். 40 வினாடி எதிர்பார்த்தால் சட்டென்று பாதை மாறிவிடும். காரணம், ரௌட்டர் 2-ன் போர்ட் உடனே டவுன் ஆகி, அந்தச் செய்தி 4, 3 வழியாகச் சுற்றி 1-க்கு வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் "இணைப்பு இருக்கிறது" என்று சொன்னால்தான் ஓஎஸ்பிஎஃப் ஒரு லிங்கைக் கணக்கில் எடுக்கும். ஒரு பக்கம் மறுத்ததும் 1-ம் அதை விட்டுவிடுகிறது. அதனால் நடுவே இரண்டு ஸ்விட்சுகள் வைத்து, ஸ்விட்சுகளுக்கு இடையிலான கேபிளை அறுக்க வேண்டும்.

அப்படி அறுத்தால் 30 முதல் 40 வினாடி, அதாவது 150 முதல் 200 பிங் வரை பதிலின்றித் தொலையும். கடைசி ஹலோ எப்போது வந்தது என்பதைப் பொறுத்து எண் மாறும். ஹலோவை 1, டெட் இன்டர்வலை (இறந்ததாகக் கொள்ளும் முன் காத்திருக்கும் நேரம்) 4 வினாடி ஆக்கினால் 15 முதல் 20 பிங். இதை இரு பக்கமும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ரௌட்டருடனான நெய்பர் உறவே அறுந்துவிடும். பிறகு பிஎஃப்டியை 300 மில்லிசெகண்ட், மூன்று முறை என்று போட்டால் ஐந்து பிங் அளவுக்கு இறங்கும். இந்த மூன்று எண்களையும், ஏன் அப்படி வந்தது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி ரெஸ்யூமேவுடன் வைக்கட்டும். "லிங்க் டவுன் ஆனால் என்ன நடக்கும்?" என்பது நேர்காணலில் தவறாமல் வருகிற கேள்வி. மனப்பாடம் செய்தவர் "ஓஎஸ்பிஎஃப் ரீகன்வெர்ஜ் ஆகும் சார்" (பாதையை மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும்) என்று நிறுத்திவிடுவார். அளந்தவர் நிறுத்தமாட்டார்.

"அப்படியானால் பிஎஃப்டியை எங்கும் 50 மில்லிசெகண்டில் போட்டுவிடலாமே?" என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. ரௌட்டரின் சிபியு கொஞ்சம் திணறினாலே பாக்கெட் தவறி, நன்றாக இருக்கும் லிங்கை அறுந்ததாக அறிவித்துவிடும். பாதை முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்பது, ஒருமுறை அறுவதைவிட மோசம்.

மாற்றுப் பாதை இருந்தும் காலைவாரிவிடும் காரணங்கள் இன்னும் சில உண்டு. பேக்கப் லிங்கின் ஒரு முனையில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட், மறுமுனையில் 9000 என்றிருந்தால், சிறிய பிங் தாராளமாகப் போகும், ஓஎஸ்பிஎஃப் நெய்பர் மட்டும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையிலேயே நிற்கும். மெயின் லிங்க் போகிற அன்றுதான் தெரியவரும். அடுத்தது கொள்ளளவு. இரண்டு 10 ஜி (வினாடிக்கு 10 கிகாபிட்) லிங்குகளிலும் தலா 7 ஜி ஓடினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒன்று அறுந்ததும் 14 ஜி ஒரே 10 ஜி லிங்கில் ஏறும், பாதை மாறியும் பயனில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, இரண்டு கம்பெனியிடம் தனித்தனியே வாங்கிய லிங்குகள் ஒரே பள்ளத்தில் போவது. ஒரு ஜேசிபி வாளி போதும், இரண்டும் போய்விடும். வாங்கும்போதே ஃபைபர் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று வரைபடம் கேட்கத் தெரிந்த இன்ஜினியருக்குத் தனி மரியாதை உண்டு. ஒளி இழப்பு, டெசிபல் கணக்கு தெரிந்த இசிஇ மாணவிக்கு இதில் ஒரு படி முன்னிலையும் உண்டு. 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் என்றால், 80 கிலோமீட்டருக்கு 16.

லேப் முடிந்த பிறகு சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏ எழுதலாம். 2 மணி நேரத் தேர்வு, கட்டணம் 300 டாலர் மற்றும் வரி, 3 ஆண்டு செல்லும். சிங்கிள் ஏரியா (நெட்வொர்க்கைப் பகுதிகளாகப் பிரிக்காத) ஓஎஸ்பிஎஃப் அதில் இருக்கிறது. பிஜிபியையும் பிஎஃப்டியையும் தனியாகத்தான் கற்க வேண்டும். தியரிக்கு ஐஐடி பேராசிரியர்களின் இணைய வகுப்புகளான என்பிடெல் இலவசம். "கேள்வித்தாள் டம்ப் தருகிறோம், வேலை உறுதி" என்று மொத்தப் பணம் கேட்கும் இடத்தில் கட்டாதீர்கள். கூடவே கொஞ்சம் லினக்ஸ், கொஞ்சம் பைதான். நூறு ரௌட்டர்களில் டைமர் மாற்றுவதை இன்று யாரும் கையால் செய்வதில்லை.

வேலை எப்படியிருக்கும் என்று மறைக்காமல் சொல்கிறேன். முதல் வேலை பெரும்பாலும் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரில் எல்1 (முதல் நிலை) ஆக இருக்கும். அலாரம் பார்ப்பது, டிக்கெட் (கோளாறுப் பதிவு) போடுவது, ஃபீல்ட் அணியை எழுப்புவது. 24 மணி நேரமும் ஓடுகிற இடம், இரவு ஷிப்ட் உண்டு. எல்1-லேயே ஐந்து வருடம் தங்கிவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. அலாரம் வந்ததும் மேலே தள்ளிவிடாமல், எந்த டைமர், எந்தப் பாதை என்று தானே பார்த்து டிக்கெட்டில் எழுதப் பழகுகிறவர்கள் எல்2, எல்3 என்று நகர்கிறார்கள். ஆஃபர் கையில் வந்ததும் சம்பளத்தோடு இதையும் கேட்கச் சொல்லுங்கள்: மாதத்துக்கு எத்தனை இரவு, வண்டி வீட்டு வாசல் வரை வருமா, எல்1-லிலிருந்து எல்2-க்குப் போக உள்தேர்வு இருக்கிறதா, ரௌட்டரில் கமாண்ட் கொடுக்கும் அனுமதி எந்த நிலையிலிருந்து கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.