வீட்டிலேயே பல் வெண்மையாக்கும் பொருட்கள் கறை படிந்த பற்களுக்குப் பலன் தருமா?

தரும், கறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து. பல் வெண்மையாக்கல் என்றால் மேலே படிந்த கறையைத் தேய்த்து எடுப்பது, அல்லது உள்ளே ஊறிய நிறத்தை மருந்தால் வெளுக்க வைப்பது.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் டிகிரி காபியும் வெற்றிலை சீவலும் விடும் கறை முதலில் பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலின் மேல்தான் படியும். வேட்டியில் ஒட்டிய வயல் சேறு சோப்புக்குப் போய்விடும். நூலுக்குள் இறங்கிய வெற்றிலைச் சாறு போகாது. வெண்மையாக்கும் பற்பசை அந்தச் சோப்பு மாதிரிதான். உள்ளே இறங்கிய மஞ்சளுக்குப் பெராக்சைடு என்ற வெளுக்கும் மருந்து கலந்த ஜெல்லோ, பல்லில் ஒட்டும் மெல்லிய பட்டையோ (ஸ்டிரிப்) வேண்டும். அது எனாமலைக் கடந்து போய் நிறப்பொருளைச் சிதைக்கிறது. வயதால் வந்த மஞ்சள் இதற்கு நன்றாகவே வெளுக்கும். சிறுவயதில் சாப்பிட்ட டெட்ராசைக்ளின் மருந்தால் வந்த சாம்பல் நிறம் லேசில் விடாது. பல்லுக்குப் போட்ட உறையும் (கேப்) குழியை அடைத்த அடைப்பும் நிறமே மாறாது. சில நாள் பல் கூசலாம்.

புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்கள் தயவுசெய்து முதலில் பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எலுமிச்சையும் உப்பும் தேய்த்தால் பல் வெளுக்கும் என்பது தவறு: அமிலம் எனாமலை அரிக்கும், அது திரும்ப வளராது, அடியிலுள்ள டென்டின் என்ற மஞ்சள் அடுக்குதான் இன்னும் எடுப்பாகத் தெரியும்.