எந்த வரியில் பார்த்தீர்கள்? – கதையையும் கட்டுரையையும் பகுத்துப் படிப்பது பற்றிக் கேள்வி பதில்

பல ஆண்டுகளாக ஒரு வாசிப்புக் குழுவில் புத்தகங்களைப் பற்றிப் பேசி வருகிறேன். கருப்பொருள், பாத்திரம், இலக்கிய வகை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றிரண்டு பதில்கள் நீண்டுவிட்டன. அந்தக் கேள்விகள் அப்படி.

கேள்வி: நாவலின் கருப்பொருள் என்ன என்று கேட்டால் எனக்குக் "காதல்", "வறுமை" என்றுதான் எழுத வருகிறது. அது போதாது என்கிறார்கள். ஏன், அக்கா?

"வறுமை" என்பது பேசுபொருள். அந்த நாவல் வறுமையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதுதான் கருப்பொருள். அதற்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும். "வறுமை" என்ற ஒற்றைச் சொல்லை ஆயிரம் கதைகளுக்கு ஒட்டலாம். "வறுமை வந்ததும் இந்தக் குடும்பம் பாசத்தையும் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறது" என்று எழுதினால், அது உங்கள் நாவலுக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று சோதிக்க முடியும்.

சிலப்பதிகாரத்துக்கு முன்னுரைபோல் வரும் பதிகம் இதை அழகாகச் செய்கிறது. ஆட்சியில் தவறியவர்களுக்கு அறமே எமனாகும், புகழுக்குரிய பத்தினியை உயர்ந்தோரும் போற்றுவார்கள், ஊழ்வினை தேடிவந்து தன் பயனை ஊட்டும் என்று மூன்று கூற்றுகளை முன்வைக்கிறது. நீதி, கற்பு, விதி என்று மூன்று சொற்களோடு நின்றுவிடவில்லை. சரி, முதல் கூற்றை எந்த வரியில் பார்க்கலாம்? வழக்குரை காதையில், "யானோ அரசன், யானே கள்வன்" என்று பாண்டியன் சொல்லும் இடத்தில். அவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வேறு யாரும் வரவில்லை. தானே சொல்லிக்கொள்கிறான், உயிரும் போகிறது. இப்படி வரியைக் காட்ட முடிந்தால்தான் கருப்பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் ஒப்புக்கொள்வேன்.

கேள்வி: வரியிலிருந்து கருப்பொருளுக்கு எப்படிப் போவது? ஒரு எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

இதற்காகவே மூன்று வரி எழுதினேன், பாருங்கள்:

"அப்பா போன மறுநாளும் அம்மா கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். அவர் வைத்திருந்தபடி ஐந்து நிமிடம் முன்னதாகவே ஓடட்டும் என்று விட்டுவிட்டாள். பத்து மணி ஆனபோது நான் என் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை."

துக்கம், பிரிவு என்று ஒரு சொல்கூட இல்லை. முதலில் "மறுநாளும்" என்பதில் உள்ள "உம்". எல்லாம் மாறிப்போயிருக்க வேண்டிய நாளில் ஒரு வேலை மாறாமல் நடக்கிறது என்பதை அந்த இரண்டெழுத்துதான் சொல்கிறது. அப்புறம் ஐந்து நிமிடம். கடிகாரம் தவறாக ஓடுகிறது என்று அம்மாவுக்குத் தெரியும், இருந்தும் திருத்தவில்லை. அந்தத் தவறில் அப்பா இருக்கிறார். மூன்றாவது வரியில் பிள்ளையும் சேர்ந்துகொள்கிறான். சரியான நேரம் அவன் மணிக்கட்டிலேயே இருக்கிறது, பார்க்காமல் இருக்கிறான். "போன" என்றால் இறந்தாரா, வீட்டை விட்டுப் போனாரா என்பதும் சொல்லப்படவில்லை. இதையெல்லாம் சேர்த்து, "போனவரின் பழக்கத்தைக் காப்பாற்றுவதுதான் இந்த வீட்டில் துக்கம்" என்று எழுதுவேன். பத்துப் பக்கம் தள்ளி அம்மா கடிகாரத்தைத் திருத்தி வைத்தால் என் வாக்கியத்தையும் மாற்றி எழுதுவேன்.

நீண்ட நாவலிலும் இதே வேலைதான். திரும்பத் திரும்ப வரும் பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்துக்கும் கடைசிக்கும் இடையில் என்ன மாறியது என்று பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது எது என்றும் கேளுங்கள். எனக்கு அதிகம் கிடைத்தது இந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

கேள்வி: தொல்காப்பியத்திலும் "கருப்பொருள்" வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை, இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை. முதற்பொருள் நிலமும் பொழுதும். நாம் இன்று கருப்பொருள் என்று சொல்வதற்கு அங்கே நெருங்கி வருவது உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரிய அக உணர்வு. முல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். காடு, கார்காலம், மாலைப்பொழுது, இவற்றோடு சேர்ந்த உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். மழை வந்தால் திரும்புவேன் என்று போனவனுக்காக ஒருத்தி காத்திருக்கும்போது கார்கால மேகம் வெறும் பின்னணி ஆகாது. அது அவன் சொல்லிப்போன கெடு. அதனால் நவீன நாவலிலும் இடத்தையும் பொழுதையும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கேள்வி: பாத்திரத்தை அலசச் சொன்னால் நல்லவன், கெட்டவன், கோபக்காரன் என்று பட்டியல்தான் வருகிறது.

அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்கு என்ன வேண்டும், அதற்காக எதை இழக்கச் சம்மதிக்கிறார் என்று பாருங்கள். ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் பாத்திரங்களைத் தட்டையானவை, உருண்டையானவை என்று பிரித்தார். ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுவது தட்டை. நம்பும்படியாக நம்மை வியக்கவைப்பது உருண்டை. "நம்பும்படியாக" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கஞ்சன் திடீரென்று வாரி வழங்கினால் வியப்புதான் வரும். அதற்கான விதை முன்பே எங்கோ விழுந்திருந்தால்தான் நம்பிக்கை வரும். அந்த விதை விழுந்த பக்கத்தைக் காட்டுவதுதான் பாத்திர அலசல். தட்டையான பாத்திரம் என்றால் குறை என்றும் எண்ண வேண்டாம். சிரிக்கவைக்கவும் கதையை நகர்த்தவும் அவர்கள் தேவை.

கேள்வி: "நான்" என்று சொல்லும் கதைசொல்லியும் ஆசிரியரும் ஒருவரா?

புனைவில் இல்லை. கதைசொல்லியும் ஒரு பாத்திரம்தான், அவர் சொல்வதையும் சந்தேகப்படலாம்.

கேள்வி: ஒரு நூல் எந்த வகை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அது நூலகத்தில் அடுக்குவதற்குத்தானே?

வகை என்பது எழுதியவர் நமக்குக் கொடுக்கும் வாக்கு. துப்பறியும் கதையில் ஒரு பிணம் கிடந்தால் யார், எப்படி என்று தேடத் தொடங்குகிறோம். குடும்ப நாவலில் அதே சாவு நேர்ந்தால் யார் அழவில்லை என்று பார்க்கிறோம்.

அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி, கான்சஸில் 1959-இல் ஒரு குடும்பம் கொல்லப்பட்டதைப் பற்றி எழுதிய நூல் 1966-இல் வெளிவந்தது. அதைப் "புனைவல்லாத நாவல்" என்றார். அதன் கடைசிக் காட்சி, கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் ஒரு சந்திப்பு, கற்பனை என்று பின்னாளில் தெரியவந்தது. நாவல் என்று மட்டும் சொல்லியிருந்தால் அது அருமையான முடிவு. நடந்தது மட்டுமே என்று வாக்குக் கொடுத்த நூலில் அது எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: தன்வரலாறு போன்ற அபுனைவு நூல்களில் கருப்பொருள், பாத்திரம் எல்லாம் தேடலாமா?

கட்டாயம் தேடலாம். அபுனைவில் ஆசிரியர் எதையும் இட்டுக்கட்டக் கூடாது, ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது, எதற்கு எத்தனை பக்கம் என்பதெல்லாம் அவர் கையில். கருப்பொருள் அங்கேதான் தெரியும். உ.வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் "என் சரித்திரம்" எழுதினார். 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. என் சரித்திரம் என்று பெயர் வைத்துவிட்டு, நிறையப் பக்கங்களைத் தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். "நான் என்பதில் பாதி என் ஆசிரியர்" என்று எங்கும் அறிவிக்காமலே பக்கங்களைப் பங்கிட்ட விதத்தில் சொல்லிவிடுகிறார் என்றே நான் படிக்கிறேன். பாடம் கேட்க ஏங்கும் பிள்ளை ஒருவர், எண்பது வயதைக் கடந்து அந்தப் பிள்ளையை நினைத்துப் பார்ப்பவர் இன்னொருவர். இந்த இருவரையும் பிரித்துப் படித்தால் நூல் இன்னும் நெருங்கி வரும்.

கேள்வி: ஒரே கதையை நானும் என் தோழியும் வேறு வேறாகப் புரிந்துகொண்டோம். எது சரி?

கூடுதலான வரிகளுக்கு எது பதில் சொல்கிறதோ அதன் பக்கம் நான் சாய்வேன். மேலே எழுதிய கடிகார வரிகளை ஒருவரிடம் காட்டினேன். "இது துக்கம் இல்லை, பயம். அவர் போன பிறகும் அவர் வைத்த நேரத்தை மாற்ற அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை" என்றார். மூன்று வரியையும் திரும்பப் படித்தேன். பொருந்துகிறது, பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்க்காததுகூட. எழுதியவள் நான் என்பதற்காக என் வாசிப்புக்குக் கூடுதல் உரிமை வந்துவிடாது. என்னைத் தயங்கவைப்பது "ஓடட்டும்" என்ற ஒரு சொல்தான். அது அனுமதி கொடுப்பவர் பேசும் சொல். பயந்தவர் வாயில் அது வருமா என்று அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.