டிஹெச்க்யூ திவாலானது ஏன்?

கேள்வி: பெரிய வீடியோ கேம் நிறுவனமான டிஹெச்க்யூ எப்படி நொடித்துப்போனது?

பதில்: பெரிய அடி, யூடிரா (uDraw) என்ற வரைபலகையால் விழுந்தது; கேம் கருவியோடு இணைத்து, திரையில் படம் வரைய உதவும் பலகை அது. 2010-ல் நின்டெண்டோவின் வீ (Wii) கேம் கருவிக்கு வந்தபோது நன்றாக விற்றது. அந்தத் தெம்பில் 2011 இறுதியில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் தயாரித்துக் குவித்தார்கள். அங்கே குழந்தைகளுக்கான பலகையைச் சீந்த ஆளில்லை. சுமார் 14 லட்சம் தேங்கின. வன்பொருளில் இதுதான் ஆபத்து: விற்றாலும் விற்காவிட்டாலும் ஒவ்வொன்றின் உற்பத்திச் செலவும் முன்பே கையைவிட்டுப் போய்விடும். அடுத்த கேம்களை முடிக்கப் பணமில்லை. 2012 டிசம்பர் 19-ல் திவால் பாதுகாப்பு கோரியது. 2013 ஜனவரியில் அதன் ஸ்டுடியோக்கள் ஏலத்துக்கு வந்தன; ரெலிக் ஸ்டுடியோவை சேகா என்ற கேம் நிறுவனம் 2.66 கோடி டாலருக்கு எடுத்தது. டார்க்சைடர்ஸ் கேமை உருவாக்கிய விஜில் ஸ்டுடியோவை யாருமே கேட்கவில்லை. திறமையான அந்தக் குழு சிதறியதுதான் உண்மையான இழப்பு.